பாதாளக் கரண்டியோடு கடலுக்குப் போனவர்

புத்தூரில் தோட்டம் வைத்திருப்பவர்கள் பலர். லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் வைத்திருப்பவர்கள் சிலர். வள்ளம் வைத்திருப்பவர் இராசநாயகம் ஒருவர்தான். கடல் அந்த ஊருக்குக் கிட்டவும் இல்லை. ஆகவே ஓய்வு பெற்று இரண்டு மாதம் ஆகுமுன்னே, பதினான்கு அடி நீளமான பழைய பைபர் வள்ளம் ஒன்றை அவர் லொறியில் ஏற்றி வந்து தன் தோட்டத்து வெங்காயத் தறைக்குப் பக்கத்தில் இறக்கியபோது, ஒழுங்கைச் சனம் முழுவதும் வேலியோடு வந்து நின்று பார்த்தது.

“என்ன றைவர் அண்ணை, இந்த மாரிக்கு வெள்ளம் வருமெண்டு ஆரும் சொன்னவையோ?” என்று ஒருவர் கேட்டார்.

“வந்தால் உன்னையும் ஏத்துவன்,” என்றார் இராசநாயகம்.

அவர் மனைவி ஞானாம்பிகை சிரிக்கவில்லை. ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி வந்து வள்ளத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“இஞ்சாருங்கோ, உங்களுக்கு நீந்தத் தெரியுமோ?”

“தெரியாது.”

“கிணத்துக்குள்ளை எட்டிப் பாத்தாலே தலை சுத்துதெண்டு சொல்லுற மனிசன் நீங்கள்.”

“கிணறு ஆழம். இது அகலம்,” என்றார் அவர்.

இராசநாயகம் யாழ்ப்பாணத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். யுத்தத்தில் பாதை மூடிக் கிடந்த காலத்தைக் கழித்துப் பார்த்தாலும், அந்த வழியில் எங்கே பள்ளம், எங்கே மாடு படுக்கும் என்பது கண்ணை மூடினாலும் தெரியும். தெரியாதது ஒன்றுதான். வல்லை வெளியில் பாலம் வரும்போது இரண்டு பக்கமும் தண்ணீர் வரும். மாரி காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கினால் பஸ்ஸுக்குள் இருக்கிற சனம் முழுவதும் ஒரு பக்க யன்னலுக்குச் சாயும். “அங்கை பாருங்கோ, அங்கை பாருங்கோ” என்று பிள்ளைகள் கத்தும். பஸ் ஓட்டுகிறவர் மட்டும் பார்க்க முடியாது. அங்கே வீசுகிற பக்கக் காற்றுக்குச் சுக்கானை இறுக்கிப் பிடித்து, றோட்டைப் பார்த்தபடி போகவேண்டும். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வளைவுக்கு அங்காலே எங்கே போகிறது என்று முப்பத்தொரு வருடமாக அவருக்குள் ஒரு கேள்வி கிடந்தது. ஓய்வு பெற்றதும் அதைப் போய்ப் பார்க்க நினைத்தார். வேறு காரணம் எதுவும் இல்லை.

ஞானாம்பிகை ஒரே ஒரு நிபந்தனை போட்டார். நீந்தப் பழகும்வரை வள்ளம் தறையிலேயே கிடக்கவேண்டும். எனவே இராசநாயகம் மூன்று மாதம், வாரத்துக்கு நாலு நாள், கீரிமலைக் கேணிக்கு மோட்டார் சைக்கிளில் போனார். பத்து வயதுப் பிள்ளைகள் தலைகீழாகக் குதிக்கிற இடத்தில், அறுபது வயது மனிதர் படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு காலை அடித்தார். மூன்றாம் மாத முடிவில் கேணியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அழகாகப் போனார் என்று சொல்ல முடியாது. ஆனால் போனார்.

வள்ளம் தொண்டைமானாற்றுக்குப் போனது. அங்கேதான் லியோனின் பழக்கம் வந்தது. லியோன் குருநகரில் பிறந்து, கலியாணம் முடித்து இந்தப் பக்கம் வந்தவர். வயது நாற்பத்தைந்து இருக்கும். விடியற்காலையில் கடலுக்குப் போய் வந்து, மத்தியானத்துக்குப் பிறகு மற்றவர்களின் வள்ளத்து எஞ்சின்களைத் திருத்துவார். இராசநாயகத்தின் வள்ளத்துக்கு எட்டுக் குதிரை வலுவுள்ள சிறிய எஞ்சின் ஒன்றைப் பூட்டிக் கொடுத்தவரும் அவர்தான்.

“அண்ணை, இதிலை பிறேக் இல்லை. அதை மட்டும் ஞாபகம் வைச்சிருங்கோ,” என்றார்.

அதை மறந்ததால்தான் முதல் கிழமையிலேயே இராசநாயகம் இரண்டு தரம் கரையில் மோதினார். ஒரு தரம் கண்டல் பற்றைக்குள் ஏறி, வள்ளத்தைப் பின்னுக்கு எடுக்கத் தெரியாமல் அரை மணித்தியாலம் இருந்தார். தை மாதம் வந்தது. கடலேரி நிரம்பித் ததும்பிக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலையில், அதைக் கடலிலிருந்து பிரிக்கிற கதவணையடியிலிருந்து புறப்பட்டு, தண்ணீர் போகிற பாதையெல்லாம் போனார். ஆழம் குறைந்த இடத்தில் எஞ்சினைத் தூக்கிவிட்டுத் தடியால் ஊன்றினார். இரண்டு இடத்தில் இறங்கி வள்ளத்தைத் தள்ளினார். பத்து மணியளவில் வல்லைப் பாலத்துக்குக் கீழே வந்து சேர்ந்தபோது, மேலே பருத்தித்துறை பஸ் ஒன்று வந்தது. அதை ஓட்டியவர் அவரோடு பதினைந்து வருடம் வேலை செய்த செபநாயகம். வள்ளத்தில் நிற்கிற ஆளை அடையாளம் கண்டதும், பாலம் முடியும்வரை கோர்ன் அடித்துக்கொண்டே போனார். கோர்ன் சத்தத்துக்குப் பூநாரைகள் எல்லாம் ஒன்றாக எழும்பின. ஓட்டுநராக இருந்த காலத்தில் பார்க்காததை இராசநாயகம் அன்று ஆறுதலாகப் பார்த்தார். பிறகு கொண்டுவந்த புட்டையும் சம்பலையும் வள்ளத்தில் இருந்தபடியே சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. வள்ளத்தை விற்றிருக்கலாம். விற்கவில்லை. அடுத்த வருடம், கடல் அமைதியாகக் கிடக்கிற பங்குனி, சித்திரையில், லியோனின் உதவியோடு வள்ளத்தைக் கதவணைக்கு அந்தப் பக்கம் தூக்கி வைத்துக் கடலுக்குப் போகத் தொடங்கினார். கரையைக் கண்ணால் பார்க்கக்கூடிய தூரத்துக்கு அப்பால் போவதில்லை என்று ஞானாம்பிகைக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அவருடைய கண் நல்ல கண் என்பதை ஞானாம்பிகை கணக்கில் எடுக்கவில்லை.

சித்திரையில் ஒரு நாள் காலை ஏழு மணியிருக்கும். கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய்போலக் கிடந்தது. தூரத்தில் கறுப்பாக ஒரு திட்டு மிதந்தது. அதன்மேல் நாலைந்து ஆலாப் பறவைகள் இருந்தன. ஏதோ மரக்குற்றி என்று நினைத்துக் கிட்டப் போனார். கிட்டப் போனதும் எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. தூக்கிப் பார்த்தார். விசிறியைச் சுற்றி, சைக்கிள் சில்லில் சேலை அகப்பட்டதுபோல, பச்சை நைலோன் வலை இறுகிக் கிடந்தது.

அந்தத் திட்டு முழுவதுமே வலை. யாரோ தொலைத்த வலை, சுருண்டு, பாசி பிடித்து, மிதவைகளோடு அலைந்துகொண்டிருந்தது. அதற்குள் மீன் முள்ளுகள். காய்ந்த நண்டுகள். வெறும் ஓடாகிப் போன ஓர் ஆமை. இராசநாயகம் மூக்கைப் பொத்தினார். அப்போது பக்கத்தில் யாரோ பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தம் கேட்டது. திடுக்கிட்டுத் திரும்பினார். கதிரை அளவான பேராமை ஒன்று, தலையை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டி மூச்செடுத்தது. கழுத்திலும் முன்துடுப்பு ஒன்றிலும் வலை அறுத்து ஏறியிருந்தது.

இராசநாயகம் ஒரு கயிறு எடுத்து, இடுப்பில் சுற்றித் தன்னை வள்ளத்தின் குறுக்குப் பலகையோடு கட்டினார். மடியில் இருந்த வில்லுக்கத்தியை விரித்தார். பாக்கு நறுக்குகிற கத்தி அது. விளிம்பில் வயிறு அழுந்தக் குனிந்து ஒவ்வொரு இழையாக வெட்டத் தொடங்கினார். ஆமைக்கு உதவி என்றால் என்னவென்று தெரியாது. துடுப்பால் அடித்தது. ஒரு தரம் அவருடைய சுண்டுவிரல் ஓட்டுக்கும் வள்ளத்துக்கும் இடையில் அகப்பட்டு நகம் பிரிந்தது.

“பொறு, பொறு. இறங்கிற இடம் வருது,” என்று அவர் சொல்லிக்கொண்டே வெட்டினார். பஸ்ஸில் அவசரப்படுகிறவர்களுக்குச் சொல்லிப் பழகிய வசனம்.

ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. கடைசி இழை அறுந்ததும் ஆமை உடனே போகவில்லை. வள்ளத்தின் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் கிடந்தது. பிறகு ஒரு மூச்செடுத்துக் கீழே போனது. நீலத்துக்குள் அது சிறிதாகிக்கொண்டே போவதை இராசநாயகம் பார்த்தார். கையிலிருந்து இரத்தம் ஒழுகுவது அப்போதுதான் தெரிந்தது.

எஞ்சின் விசிறியில் இறுகிய வலையை வெட்டப் போனபோது கத்தி முறிந்தது. பத்து மணிக்குச் சோளகக் காற்று எழும்பியது. தெற்கிலிருந்து வருகிற காற்று, கரைக்குப் போகவிடாமல் வடக்கே தள்ளும். துடுப்பை எடுத்துப் பார்த்தார். வலைப் பாரத்தோடு வள்ளம் அசைய மறுத்தது. கைத்தொலைபேசியில் ஒரே ஒரு கோடு சிக்னல் இருந்தது.

“லியோன், நான் கடலிலை நிக்கிறன். எஞ்சின் நிண்டு போச்சு.”

“எவடத்திலை அண்ணை?”

“கரை எனக்குப் பின்னாலை. ரெலிபோன் ரவர் வலப்பக்கக் கண்ணாடியிலை தெரியிற மாதிரி.”

“உங்கடை வள்ளத்திலை ஏது அண்ணை கண்ணாடி?” என்று லியோன் கேட்டார். ஆனால் இடம் விளங்கிவிட்டது. “நங்கூரத்தைப் போட்டிட்டு இருங்கோ. வாறன்.”

காத்திருந்த நேரத்தில் இராசநாயகம் மிதவை ஒன்றைக் கையில் எடுத்துப் பாசியைச் சுரண்டினார். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்ட ஒரு சிலுவையும் ‘லி’ என்ற எழுத்தும் அதில் இருந்தன. அடுத்ததை எடுத்தார். அதிலும் அதே குறி. லியோனின் கொட்டிலில் இப்படிக் குறி சுட்ட மிதவைகள் கோர்வையாகத் தொங்குவதை அவர் பலதரம் கண்டிருக்கிறார்.

முக்கால் மணித்தியாலத்தில் லியோன் வந்தார். வலையைப் பார்த்தார். மிதவைகளைப் பார்த்தார். ஆமை ஓட்டைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு கயிற்றை எறிந்தார். கரைக்கு வந்தபின் லியோனே குனிந்திருந்து விசிறியிலிருந்து வலையை வெட்டி எடுத்தார். இராசநாயகம் அவருடைய முதுகைப் பார்த்தபடி நின்றார். கேட்பதா விடுவதா என்று யோசித்தார். உயிரைக் காப்பாற்றிக் கொண்டுவந்து விட்ட மனிதரிடம் அதை எப்படிக் கேட்பது? கேட்காமல் வீட்டுக்குப் போனார். விரலைக் கண்ட ஞானாம்பிகைக்குக் கதவில் அகப்பட்டது என்று சொன்னார். “எந்தக் கதவிலை உப்புத் தண்ணி இருக்கு?” என்று ஞானாம்பிகை கேட்க, எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று.

மூன்றாம் நாள் பின்னேரம் லியோன் புத்தூருக்கு வந்தார். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, இருக்கச் சொல்லியும் இருக்காமல் நின்றார்.

“அண்ணை, உங்களுக்குத் தெரியும்தானே.”

“மிதவைக் குறி கண்டனான்.”

“பிறகேன் கேக்கேல்லை?”

“நீ சொல்லுவாய் எண்டு நினைச்சன். சொல்லாட்டிலும் நான் ஒண்டும் நினைக்க மாட்டன்.”

லியோன் கதிரையின் நுனியில் இருந்தார். “மார்கழிப் புயலுக்கை மாட்டுப்பட்டனான். வலையை இழுத்துக்கொண்டு நிண்டால் வள்ளம் தண்ணிக்குள்ளை தாண்டு போயிடும். அறுத்து விட்டிட்டு ஓடி வந்தனான். அது பிழையெண்டு சொல்ல மாட்டன். ஆனா பேந்து போய்த் தேடியிருக்கலாம். தேடேல்லை. நாலு மாசம் அது தன்ரை பாட்டிலை பிடிச்சுக்கொண்டு இருந்திருக்கு. நான் வீட்டிலை படுத்திருக்க என்ரை வலை தொழில் செய்திருக்கு. ஆருக்கு?”

இராசநாயகம் நகம் பிரிந்த சுண்டுவிரலைப் பார்த்தார்.

“இப்பிடி எத்தினை கிடக்குமெண்டு நினைக்கிறியள்? ஆரைக் கேட்டாலும் கடல் கொண்டு போட்டுதெண்டு சொல்லுவினம். கடல் எங்கை கொண்டு போறது? முக்கால்வாசி பார்களிலை கொளுவிக் கிடக்கு.” பார் என்று லியோன் சொன்னது கடலடியில் மேடாகக் கிடக்கிற கல்லுத் திட்டுகளை. மீன் கூடுவதும் வலை சிக்குவதும் அங்கேதான்.

தேத்தண்ணி கொண்டுவந்த ஞானாம்பிகை அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். “கிணத்திலை வாளி விழுந்தால் போச்செண்டு விட்டிட்டோ இருக்கிறனாங்கள்?” என்று கேட்டுவிட்டு, கிணற்றடிக்குப் போய், துலாக்காலில் தொங்கிய பாதாளக் கரண்டியைக் கொண்டுவந்து லியோனின் காலடியில் வைத்தார். விழுந்த வாளியைக் கொளுவி எடுக்கிற இரும்புக் கொழுக்கிக் கொத்து அது. லியோன் அதைக் கையில் எடுத்துப் பாரம் பார்த்தார்.

“இது கடலுக்குக் காணாது அக்கா,” என்றார். “ஆனா விசயம் இதுதான்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீனை ஏலம் கூறுகிற கொட்டகையில் தொழிலாளர் சிலரைக் கூட்டி லியோன் கதைத்தார். இராசநாயகமும் ஓரமாக நின்றார். லியோன் சுற்றி வளைக்கவில்லை. “றைவர் அண்ணை எடுத்த ஆமை என்ரை வலையிலை கிடந்தது. செத்ததும் என்ரை வலையிலைதான். உங்கடை வலையள் எவடத்திலை போனதெண்டு சொல்லுங்கோ. நாங்கள் ரெண்டு பேரும் போய் எடுக்கிறம்.”

வலை தொலைந்த இடத்தைச் சொல்வது மீன் படுகிற இடத்தைச் சொல்வதற்குச் சமம். பின்னாலிருந்து ஒருவர், “நீ மாட்டினது காணாதெண்டு எங்களையும் மாட்டப் போறியோ?” என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள்.

அப்போது பக்கத்தில் குந்தியிருந்து மீன் பிரித்துக்கொண்டிருந்த இரத்தினம்மா, கையை நிறுத்தாமலே சொன்னார்: “போன வருசம் எங்கடை மனிசன்ரை வலை முழுக்கப் போனது. கிழக்காலை இருக்கிற கல்லுப் பாரிலை. அதுக்குப் பிறகு அந்தப் பாரிலை ஒரு கலவாய் மீனும் படேல்லை. வலை எல்லாத்தையும் திண்டு போட்டுது. இடத்தைச் சொல்லாமல் நான் என்னத்தைக் காப்பாத்திறது? போய் எடுங்கோ.”

அன்று அவர் ஒருவர் சொன்ன இடத்தோடுதான் தொடங்கினார்கள்.

ஞானாம்பிகையின் கரண்டி முதல் நாளே கல்லில் கொளுவி அறுந்து போனது. அச்சுவேலியில் ஒரு கொல்லரிடம் போய், அதே மாதிரியில், ஆனால் ஆளின் கை நீளத்துக்கு, நாலு கொழுக்கியோடு ஒன்று அடிப்பித்தார்கள். ஒருவர் வள்ளத்தை மெதுவாக ஓட்ட, மற்றவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கொளுவினால் இருவரும் இழுப்பார்கள். முதலாவது வலையை மேலே எடுக்க ஒரு முழுக் காலை போனது. மணம் தாங்காமல் இராசநாயகம் வாந்தி எடுத்தார். அந்த வருடம் பத்தொன்பது வலைகள் வந்தன. பதினாறாவது வலையில் ஒரு பேராமை உயிரோடு இருந்தது. மற்றவற்றில் இருந்தவை பெரும்பாலும் செத்தவை.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தார்கள் என்றில்லை. எடுத்த வலைகளை என்ன செய்வதென்று தெரியாமல், இராசநாயகம் லாண்ட்மாஸ்ரரில் ஏற்றிவந்து மரவள்ளித் தோட்டத்துக்கு வேலியாகக் கட்டினார். மயிலும் மாடும் உள்ளே வரவில்லை, அவருக்குச் சந்தோசம். இரண்டாம் மாதம் ஞானாம்பிகை அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வேலியைக் காட்டினார். வலைக்குள் ஆள் நீளச் சாரைப் பாம்பு ஒன்று இறுகிச் செத்துக் கிடந்தது.

“கடலிலை ஆமையைக் காப்பாத்திறியள். இஞ்சை எலி பிடிக்கிற சாரையைக் கொல்லுறியள்,” என்றார் ஞானாம்பிகை.

அன்றைக்கே வேலியைக் கழற்றினார். அதன்பிறகு வலைகளைக் கழுவிக் காயவைத்துக் கட்டி, பிளாஸ்ரிக் உருக்குகிற ஓர் இடத்துக்குப் போகிற லொறியில் ஏற்றிவிடத் தொடங்கினார்கள்.

இரண்டாம் வருடம் பல்கலைக்கழகத்தில் கடல் உயிரினங்களைப் பற்றிப் படிக்கிற ஜெயனி என்ற பிள்ளை வந்து, ஒரு நாள் முழுவதும் அவர்களோடு வள்ளத்தில் இருந்தாள். பின்னேரம் கரைக்கு வந்ததும், தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “ஐயா, நீங்கள் இழுக்கேக்கை பாரும் சேர்ந்து உடைஞ்சு வருது. உதிலை வெள்ளையாக் கிடக்கிறது கல்லில்லை, பவளம். உது திரும்ப வளர எத்தினையோ வருசம் எடுக்கும்.”

இராசநாயகத்துக்குக் கோபம் வந்தது. நாள் முழுக்க இழுத்துக் கை கொப்பளித்திருந்தது. “அப்ப விட்டிட்டு இருக்கட்டோ?” என்று கேட்டார்.

“இல்லை ஐயா. மணலிலை கிடக்கிறதை இழுங்கோ. பாரிலை கொளுவினதை ஆள் இறங்கி வெட்டி எடுக்க வேணும். பவளம் வளர்ந்து மூடினதைத் தொட வேண்டாம்.”

அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலையில் வள்ளத்தடிக்கு வந்து, கொழுக்கியில் ஒட்டியிருந்த வெள்ளைத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். துண்டுகளில் நுளம்பின் கண்ணளவு ஓட்டைகள். ஒரு துண்டைக் கையில் வைத்தபடி லியோனைக் கூப்பிட்டார். “உனக்கு மூச்சுப் பிடிக்க ஏலும்தானே?” லியோன் குருநகர்ப் பிள்ளை, சிறுவயதில் சங்கு குளித்தவர். அன்றிலிருந்து பார்களில் லியோன் முகமூடி போட்டு இறங்கி வெட்டுவார். இராசநாயகம் மேலே இருந்து கயிற்றைப் பிடித்திருப்பார். லியோன் கீழே போகும் ஒவ்வொரு முறையும் அவர் தன்னையறியாமல் தானும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்.

இது நடக்கத் தொடங்கி இப்போது நாலு வருடம். இடம் சொல்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள், எல்லோரும் சொல்வதில்லை. கொட்டகையில் அன்று சிரித்தவர்களில் ஒருவர், போன மார்கழியில் வலை அறுந்த அன்றே தொலைபேசி எடுத்து, “றைவர் அண்ணை, இடத்தை உங்களுக்கு மட்டும் சொல்லுறன்” என்றார். இரத்தினம்மாவின் பாரில் கலவாய் திரும்ப வந்துவிட்டதாக அவருடைய கணவர் சொல்கிறார். முந்தியளவு இல்லை, ஆனால் வந்திருக்கிறது. இந்தச் சித்திரையில் எடுத்த ஒரு வலையில் மூன்று ஆமைகள் செத்துக் கிடந்தன. அன்று இராசநாயகம் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தார். மறுநாளும் ஒரு வலை எடுக்க இருந்தது, போனார்.

வயது அறுபத்தாறு. ஒரு கண்ணில் வெள்ளை படருகிறது. தனியாகக் கடலுக்குப் போவதை நிறுத்தியாயிற்று. ஞானாம்பிகை இன்றுவரை வள்ளத்தில் ஏறவில்லை. ஏறப் போவதும் இல்லை என்கிறார். ஆனால் லியோனுக்கும் சேர்த்து இரண்டு பொதி சோறு கட்டிக் கொடுக்கிறார்.

போன மாதம் ஒரு கலியாண வீட்டில், பந்தியில் பக்கத்தில் இருந்த ஒருவர் கேட்டார்: “இவ்வளவு வருசமாக் கடலுக்குப் போறியள். எங்களுக்கு ஒரு மீன் தரேல்லையே அண்ணை?”

“நான் இன்னும் ஒரு மீனும் பிடிக்கேல்லை,” என்றார் இராசநாயகம். “மீன் லியோனிட்டைத்தான் வாங்கிறனான்.”

கேட்டவர் நம்பவில்லை. இராசநாயகமும் விளங்கப்படுத்தப் போகவில்லை. வாழை இலையை மடித்துவிட்டுக் கை கழுவ எழும்பினார்.